ஆங்கில இலக்கியத்தின் காலகட்டங்களும் வடிவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளங்கலை, முதுகலை மாணவர்களும் நெட், செட், டிஆர்பி தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். காலகட்டங்களை ஒரு பட்டியலாகவும் வடிவங்களை வேறொரு பட்டியலாகவும் தனித்தனியே உருப்போடுவதில்தான் இந்தப் பாடத்தில் பெரும்பாலான உழைப்பு வீணாகிறது. ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளைக் கடந்து வந்தால் இரண்டும் சேர்ந்தே மனத்தில் தங்கும்.

பழைய ஆங்கிலத்தில் தொடங்கி வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

வேண்டாம். காலவரிசை தெரிந்திருக்க வேண்டும். அதே வரிசையில் படித்தாக வேண்டும் என்பதில்லை. பழைய ஆங்கிலக் காவியமான 'பேயோவுல்ஃப்' நூலில் தொடங்குகிறவர்கள் பலர் 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசருக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள். மொழி, சமயம், அரச வம்சம் எல்லாம் ஒரே நேரத்தில் புதிதாக வந்து நிற்பதுதான் காரணம்.

1798 முதல் 1850 வரையிலான கவிதைகளில் தொடங்குங்கள். சொற்கள் இன்றைய ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு கவிதையை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். வேர்ட்ஸ்வொர்த்தின் 'டின்டர்ன் அபி', கீட்ஸ் 1819-இல் எழுதிய ஓட்கள் (ஒன்றை விளித்துப் பாடும் கவிதைகள்), பிரௌனிங்கின் 56 வரிக் கவிதையான 'மை லாஸ்ட் டச்சஸ்' ஆகியவை முதல் மாதத்துக்குப் போதும். அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம்: தாமஸ் கிரேயின் 'எலிஜி' (1751, 128 வரி), போப்பின் 'த ரேப் ஆஃப் த லாக்', மில்டன், ஜான் டன், ஷேக்ஸ்பியர், சாசர், கடைசியாகப் பழைய ஆங்கிலம். அதன் பிறகு விக்டோரிய நாவலுக்கும் 20-ஆம் நூற்றாண்டுக்கும் திரும்புங்கள்.

16 வாரப் பருவம் என்றால் 1798–1850 கவிதைக்கு 4 வாரம், 18-ஆம் நூற்றாண்டுக்கு 2, ஷேக்ஸ்பியர், டன், மில்டன் மூவருக்கும் சேர்த்து 3, சாசருக்கு 1, பழைய ஆங்கிலத்துக்கு 1, விக்டோரிய நாவலுக்கு 3, நவீனத்துவத்துக்கு 2. மில்டனில் 'பேரடைஸ் லாஸ்ட்' முதல் காண்டம் (798 வரி) போதும். பன்னிரண்டு காண்டத்தையும் முதல் சுற்றிலேயே படிக்க முயன்றால் மற்ற எதற்கும் நேரம் இருக்காது.

எந்த ஆண்டுகளைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு போதும். ஆனால் அந்த ஆண்டில் எழுத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பதிய வைக்க வேண்டும்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அரசவையில் பிரெஞ்சு வந்து அமர்ந்தது. ஆங்கிலம் வேற்றுமை உருபுகளைப் பெருமளவு இழந்து, பிரெஞ்சுச் சொற்களை வாங்கிக்கொண்டது. 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். 1557-இல் வெளிவந்த டாட்டலின் தொகைநூல், அதுவரை அரசவைக்குள் கையெழுத்துப்படியாகச் சுற்றிவந்த வயட், சர்ரி கவிதைகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1558–1603 முதலாம் எலிசபெத்தின் ஆட்சி. 1642-இல் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1660-இல் இரண்டாம் சார்லஸ் திரும்பியதும் திறந்தன. அந்த 18 ஆண்டு இடைவெளியை மறந்துவிட்டால், ஷேக்ஸ்பியருக்குப் பிந்தைய நாடகம் ஏன் வேறு முகத்தோடு வந்தது என்பது விளங்காது.

1798 வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதை நூல் 'லிரிக்கல் பேலட்ஸ்'. புகழ்பெற்ற முன்னுரை முதல் பதிப்பில் இல்லை, 1800-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. தேர்வுகளில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம், 1837–1901 விக்டோரியாவின் ஆட்சி, 1914 போர். 1922-இல் ஜாய்ஸின் நாவல் 'யுலிசிஸ்', டி. எஸ். எலியட்டின் கவிதை 'த வேஸ்ட் லேண்ட்' இரண்டும் வெளிவந்தன.

ரொமான்டிக் காலம் 1785-இல் தொடங்குகிறது என்று ஒரு நூலும், 1789 என்று இன்னொன்றும், 1798 என்று வேறொன்றும் சொல்கின்றன. எது சரி?

மூன்றும் சரிதான், அளவுகோல் வேறு. பிரெஞ்சுப் புரட்சியை வைத்தால் 1789, 'லிரிக்கல் பேலட்ஸ்' நூலை வைத்தால் 1798. பர்ன்ஸின் முதல் தொகுப்பு (1786), பிளேக்கின் 'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' (1789) ஆகியவற்றை உள்ளே கொண்டுவர நினைப்பவர்கள் 1785 என்பார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த யாரும் தங்களை ரொமான்டிக் கவிஞர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. பெயர்ப்பலகை பின்னால் வந்தவர்கள் மாட்டியது. விடைத்தாளில் ஓர் ஆண்டை எழுதி, ஏன் அந்த ஆண்டு என்று அரை வரி சேர்த்துவிடுங்கள்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களைப் பற்றிய கேள்விகளே கடினமானவை. 'பேரடைஸ் லாஸ்ட்' வெளிவந்தது 1667-இல். ஆண்டுக் கணக்கில் ரெஸ்டரேஷன் (1660-இல் மன்னராட்சி மீண்ட பிறகான காலம்); ஆனால் அதன் காவிய இலட்சியமும் லத்தீன் சாயல் கொண்ட வாக்கியமும் மறுமலர்ச்சிக் காலத்தைச் சேர்ந்தவை. கவிஞர் ஹாப்கின்ஸ் 1889-இல் இறந்தார். அவர் கவிதைகளை ராபர்ட் பிரிட்ஜஸ் நூலாக வெளியிட்டது 1918-இல். எழுதியது விக்டோரியக் காலம், தாக்கம் விளைவித்தது நவீனத்துவக் காலம். ஹார்டியின் கடைசிப் பெரிய நாவல் 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' 1895-இல் வந்தது. முதல் கவிதைத் தொகுப்பு 1898-இல். ஜேன் ஆஸ்டின் எழுதியதும் மறைந்ததும் ரொமான்டிக் கவிஞர்களின் காலத்தில்தான் என்றாலும், அவருடைய நகைச்சுவை 18-ஆம் நூற்றாண்டின் வாரிசு.

ஜேக்கோபியன், கரோலைன், ஆகஸ்டன், ஜார்ஜியன்: இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

ஜேம்ஸின் லத்தீன் வடிவம் ஜேக்கோபஸ், ஆகவே 1603–1625 ஜேக்கோபியன். சார்லஸின் லத்தீன் வடிவம் கரோலஸ், ஆகவே 1625–1649 கரோலைன். ஆகஸ்டன் என்பது இங்கிலாந்து அரசர் பெயரே அல்ல. போப், ஸ்விஃப்ட் காலத்தவர்கள் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காலத்துக் கவிஞர்களை முன்மாதிரியாகக் கொண்டதால் வந்தது. ஜார்ஜியன் என்பதற்கு இரண்டு பொருள். முதல் நான்கு ஜார்ஜ் மன்னர்களின் 1714–1830 ஒன்று. ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில், 1912 முதல் 1922 வரை வெளிவந்த கவிதைத் தொகைநூல்களைச் சுற்றிய குழு இன்னொன்று. கேள்வியில் எது என்று பார்க்காமல் எழுதினால் இருநூறு ஆண்டு பிசகும்.

ஷேக்ஸ்பியரை எலிசபெத்தியர் என்று மட்டும் எழுதாதீர்கள். 'கிங் லியர்', 'மேக்பெத்', 'த டெம்பெஸ்ட்' எல்லாம் ஜேம்ஸின் ஆட்சியில் எழுதியவை. 'மேக்பெத்' ஸ்காட்லாந்தில் நடப்பதற்கும் அதில் சூனியக்காரிகள் வருவதற்கும், ஸ்காட்லாந்திலிருந்து வந்து சூனியம் பற்றி நூலே எழுதிய அரசர் அரியணையில் இருந்ததற்கும் தொடர்பு உண்டு.

சாசரை மூலத்தில் படிக்க முடியுமா?

முடியும். 'பேயோவுல்ஃப்' மூலம் தனி மொழி போன்றது. அதை மொழிபெயர்ப்பில் படியுங்கள், ஷேமஸ் ஹீனியின் 1999 மொழிபெயர்ப்பு சரளமானது. 3182 வரி. ஒரு வரி இரண்டு பாதியாக உடையும். பாதிக்கு இரண்டு அழுத்தம். அழுத்தம் பெறும் அசைகள் ஒரே ஒலியில் தொடங்கி இரு பாதியையும் கோக்கும். மோனை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கடலைத் 'திமிங்கலப் பாதை' என்று சொல்லும் கென்னிங் உருவகங்களில் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டால் பழைய ஆங்கிலப் பகுதி ஏறக்குறைய முடிந்தது.

சாசர் அப்படி அல்ல. 'கேன்டர்பரி டேல்ஸ்' பொது முன்னுரையின் 858 வரியில் முதல் 42 வரியை மூலத்தில் வாய்விட்டுப் படியுங்கள். மூன்று விதி போதும். சொல்லின் கடைசியில் நிற்கும் ஆங்கில 'இ' (e) எழுத்தைப் பெரும்பாலும் 'எ' என்று மெல்ல ஒலிக்க வேண்டும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விட்டுவிடலாம். இன்று 'நைட்' என்று சொல்லும் வீரனை 'க்னிஹ்ட்' என்று எல்லா மெய்யும் கேட்கச் சொல்ல வேண்டும். நெடில் உயிர்கள் ஐரோப்பிய மொழிகளில் ஒலிப்பதுபோல் ஒலிக்கும்: 'நேம்' அப்போது 'நாமெ'. ஆங்கில நெடில்கள் இடம் மாறிய பெரும் மாற்றம் சாசருக்குப் பிறகுதான் முழுமையடைந்தது. இந்த விதிகளை விட்டுவிட்டு இன்றைய உச்சரிப்பில் படித்தால் வரிக்கு ஓரிரு அசை குறையும். சாசருக்கு யாப்பு வரவில்லை என்று தோன்றும். பிற்காலத்தார் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

திட்டப்படி ஒவ்வொரு பயணியும் போகும்போது இரண்டும் திரும்பும்போது இரண்டுமாக நான்கு கதை சொல்ல வேண்டும். கிடைத்திருப்பவை 24, அவற்றிலும் சில பாதியில் நிற்கின்றன.

சொனட்டின் வகைகளை எப்படிப் பிரித்து அறிவது?

14 வரி, ஐயாம்பிக் பென்டாமீட்டர் (அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையுமாக வரிக்கு ஐந்து சீர்) என்பது எல்லாவற்றுக்கும் பொது. முதலில் கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். அவை ஒன்றோடொன்று இயைந்தால் ஷேக்ஸ்பியர் வகையாகவோ ஸ்பென்சர் வகையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு 4, 5-ஆம் வரிகள். ஷேக்ஸ்பியர் வகை ஏபிஏபி சிடிசிடி ஈஎஃப்ஈஎஃப் ஜிஜி (ஒரே எழுத்து பெற்ற வரிகள் ஒன்றோடொன்று இயையும்). 4-க்கும் 5-க்கும் தொடர்பு இல்லை. ஸ்பென்சர் வகை ஏபிஏபி பிசிபிசி சிடிசிடி ஈஈ. 4-ஆம் வரியின் ஒலியை 5-ஆம் வரி பிடித்துக்கொள்ளும். பெட்ரார்க் வகையில் முதல் எட்டு ஏபிபிஏ ஏபிபிஏ. கடைசி ஆறு பல விதமாக வரும்.

இயைபுத் திட்டத்தோடு நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மதிப்பெண் திருப்பத்தில் இருக்கிறது. பெட்ரார்க் வகையில் எண்ணம் 9-ஆம் வரியில் திரும்பும். ஷேக்ஸ்பியர் வகையில் 9-இல் ஒரு அசைவு இருந்தாலும் முழுத் திருப்பம் கடைசி இரண்டு வரியில்தான் வரும். மில்டன் தன் பார்வையிழப்பு பற்றிய சொனட்டில் 8-ஆம் வரியின் நடுவிலேயே திரும்பிவிடுகிறார். பொறுமை காக்க முடியாத மனம் பற்றிய கவிதையில் பொறுமை முந்திக்கொண்டு பேசுகிறது. இப்படி ஒன்றை எடுத்துக்காட்டினால் பத்து வரையறைக்குச் சமம்.

இனி இதே வடிவத்தை நூற்றாண்டுகளில் ஓட்டிப் பாருங்கள். வயட்டும் சர்ரியும் இத்தாலியிலிருந்து கொண்டுவருகிறார்கள். சிட்னியின் 'ஆஸ்ட்ரோஃபெல் அண்ட் ஸ்டெல்லா' 1591-இல் அச்சாகிறது, 108 சொனட். ஸ்பென்சரின் 'அமொரெட்டி' 1595. ஷேக்ஸ்பியர் 1609, 154 சொனட். முதல் 126 இளைஞனை நோக்கி, 127–152 கருநிறப் பெண்ணைப் பற்றி. டன் அதைக் கடவுளிடம் பேச வைக்கிறார், மில்டன் அரசியலுக்கு இழுக்கிறார். பிறகு நீண்ட வறட்சி. போப்பும் அவர் தலைமுறையும் ஹீரோயிக் கப்லெட்டில் (இரண்டிரண்டு வரியாக இயையும் ஐந்து சீர் யாப்பு) மூழ்கியிருந்தார்கள். சொனட் மதிப்பிழந்து கிடந்தது. 1784-இல் ஷார்லட் ஸ்மித்தின் 'எலிஜியாக் சொனட்ஸ்' அதை மீட்கிறது. வேர்ட்ஸ்வொர்த்தும் கீட்ஸும் அந்த வழியில்தான் வருகிறார்கள். மெரிடித் 1862-இல் 16 வரிக்கு நீட்டுகிறார். ஹாப்கின்ஸ் 'பைட் பியூட்டி'யில் பத்தரை வரிக்குச் சுருக்குகிறார். முதல் உலகப் போரில் வில்ஃபிரட் ஓவன் காதல் வடிவத்தில் சாவுமணி எழுதுகிறார். ஒரே வடிவத்தில் ஐந்து காலகட்டம் முடிந்துவிட்டது.

விதிவிலக்குகளும் கேட்கப்படும்: ஷேக்ஸ்பியரின் 99-ஆம் சொனட்டுக்கு 15 வரி, 126-க்கு 12 வரி, 145-இல் வரிக்கு நான்கு சீர்தான்.

யாப்பு பிரிக்கும்போது எப்போதும் தப்பாகிறது. ஏன்?

தமிழ் யாப்பில் அசை என்பது குறில், நெடில், ஒற்று சார்ந்தது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் நீளத்தைத் தேடுகிறோம். ஆங்கில யாப்புக்கு அடிப்படை அழுத்தம். கிரேயின் 'எலிஜி' முதல் வரியை எடுங்கள்: 'த கர்ஃபியூ டோல்ஸ் த நெல் ஆஃப் பார்ட்டிங் டே'. அசைகள்: த, கர், ஃபியூ, டோல்ஸ், த, நெல், ஆஃப், பார்ட், டிங், டே. பத்து. ('ஃபியூ' தமிழ் எழுத்தில் இரண்டாகத் தெரிந்தாலும் ஒரே அசைதான், காதால் எண்ணுங்கள், கண்ணால் அல்ல.) அழுத்தம் விழுவது கர், டோல்ஸ், நெல், பார்ட், டே.

வேலை செய்யும் வரிசை இது. முதலில் பல அசைச் சொற்களை மட்டும் எடுத்து, அகராதி காட்டும் அழுத்தத்தைக் குறியுங்கள். அதை மாற்ற உரிமை இல்லை. அடுத்து ஓரசைப் பெயர்ச்சொல், வினைச்சொல்களைக் குறியுங்கள். 'த', 'ஆஃப்', 'டு' போன்றவற்றைக் கடைசிக்கு விடுங்கள். அதன் பிறகே சீர் பிரிக்க வேண்டும். தலைகீழாக, முதலிலேயே ஐந்து பெட்டி வரைந்து சொற்களை அடைத்தால் எல்லா வரியும் ஒழுங்கான ஐயாம்பிக் ஆகிவிடும். கவிஞர் வேண்டுமென்றே உடைத்த இடம் கண்ணில் படாது. டன்னின் 'பேட்டர் மை ஹார்ட்' முதல் அசையிலேயே ஓங்கி அடிக்கிறது, முதல் சீர் திரும்பிய சீர், அதாவது அழுத்தம் முன்னால் வருவது. ஹேம்லட்டின் 'டு பி ஆர் நாட் டு பி' வரியில் 11 அசை. கடைசியில் அழுத்தமில்லாத ஒன்று மிஞ்சி நிற்கிறது. பிழை அல்ல, முடிவெடுக்காத மனம்.

பிளாங்க் வெர்ஸும் ஃப்ரீ வெர்ஸும் ஒன்றா?

இல்லை. பிளாங்க் வெர்ஸில் ஐந்து சீர் உண்டு, இயைபு இல்லை: மார்லோ, ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த்தின் 'த ப்ரெல்யூட்'. ஃப்ரீ வெர்ஸில் நிலையான சீரும் இல்லை.

நாவலும் நாடகமும் ஒன்றையொன்று பாதித்தனவா?

ஒரு சட்டம் பாதித்தது. 1737-இன் லைசன்சிங் சட்டம் ஒவ்வொரு நாடகமும் அரசவை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அனுமதி பெற வேண்டும் என்றது. பிரதமர் வால்போலின் அரசைக் கிண்டலடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஹென்றி ஃபீல்டிங்குக்கு மேடை மூடிவிட்டது. 1740-இல் ரிச்சர்ட்சனின் கடித நாவல் 'பமேலா' வந்து ஊரே பேச, ஃபீல்டிங் 1741-இல் அதை 'ஷமேலா' என்று பகடி செய்தார். 1742-இல் 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்', 1749-இல் 'டாம் ஜோன்ஸ்'. அந்த நாடகத் தணிக்கை 1968 வரை நீடித்தது. இதற்கும் ஷெல்லி, பைரன் போன்றோர் படிப்பதற்கான நாடகங்களை எழுதியதற்கும் இடையே நேர்க்கோடு போட முடியாது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வைல்ட், ஷா வரை மேடை மெலிந்திருந்ததைப் பேசும்போது இந்தச் சட்டத்தை விட்டுவிடக் கூடாது.

விக்டோரிய நாவல்கள் ஏன் இவ்வளவு நீளம்? எப்படி முடிப்பது?

நீளத்துக்குக் காரணம் விற்பனை முறை. 1836-இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதாந்தரப் பகுதிகளாக வரத் தொடங்கியது. விலை ஒரு ஷில்லிங். டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் பலவற்றுக்கும் இதே அச்சு: 20 பகுதி, 19 இதழ், கடைசி இதழ் இரட்டை; ஒரு பகுதிக்கு 32 பக்கம். மறுபக்கம் மூன்று தொகுதி நாவல், விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த விலைக்கு வாங்க ஆள் குறைவு. மூடியின் வாடகை நூலகம்தான் பெரிய வாடிக்கையாளர். மூன்று தொகுதியாக இருந்தால் ஒரே நாவலை ஒரே நேரத்தில் மூன்று சந்தாதாரருக்குக் கொடுக்கலாம். 1894-இல் நூலகங்கள் விலையைக் குறைக்கச் சொன்னதும் அந்த வடிவம் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. நாவல்கள் சுருங்கின.

ஆகவே வெளிவந்த அளவிலேயே படியுங்கள். 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' 64 அத்தியாயம். ஓர் இதழுக்கு ஏறக்குறைய மூன்று. ஒரு நாளைக்கு ஓர் இதழ் என்றால் மூன்று வாரத்துக்குள் முடியும். இதழ் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அடுத்த மாதம் வரை வாசகரைக் கட்டிப்போட டிக்கன்ஸ் என்ன செய்தார் என்பது தெரியும். கதைப்பின்னல் பற்றிய கட்டுரைக்கு அதுவே பொருள். சுருக்கப் பதிப்பில் இந்த மூட்டுகள் எல்லாம் வெட்டுப்பட்டிருக்கும்.

பைபிளும் கிரேக்கப் புராணமும் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

மில்டனிடம் முடியாது. ஆதியாகமம் முதல் நான்கு அதிகாரம், யோபு, ஒரு சுவிசேஷம், வெளிப்படுத்தின விசேஷம் போதும். தமிழ் பைபிளில் படிப்பதில் தவறில்லை. ஆனால் யோபுதான் ஜோப், ஏவாள்தான் ஈவ் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், மேற்கோளை மட்டும் 1611-இன் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுங்கள். புராணத்துக்கு ஓவிடின் 'மெட்டமார்ஃபசிஸ்'.

'த வேஸ்ட் லேண்ட்' புரியவே இல்லை.

முதல் வாசிப்பில் அடிக்குறிப்பைப் பார்க்காதீர்கள். 434 வரி; சத்தமாகப் படித்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும். யார் பேசுகிறார் என்பது மாறும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். பிரௌனிங்கின் டிராமாடிக் மோனோலாக் (கவிஞர் அல்லாத ஒரு பாத்திரம் பேசும் கவிதை) படித்திருந்தால் இந்தப் பல குரல்கள் பாதி அந்நியம்தான். எலியட்டே நூல் பதிப்புக்குச் சேர்த்த குறிப்புகளை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அவை விளக்குவதைவிடத் திசைதிருப்புவது அதிகம்.

நெட் தேர்வின் காலவரிசைக் கேள்விகளுக்கு எப்படித் தயாராவது?

இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. வரிசைப்படுத்துக, பொருத்துக வகையே அதிகம் சோதிக்கும். நூலுக்கு ஓர் அட்டை எழுதுங்கள். அதில் எழுதிய காலம், முதலில் அச்சான அல்லது மேடையேறிய ஆண்டு, திருத்திய பதிப்பு என்று மூன்று வரி. 'த ப்ரெல்யூட்' 1805-இல் 13 காண்டமாக முடிந்தது. வெளிவந்தது கவிஞர் இறந்த 1850-இல், 14 காண்டமாக. 'பேரடைஸ் லாஸ்ட்' 1667-இல் 10 காண்டம், 1674-இல் 12. 'த ரேப் ஆஃப் த லாக்' 1712-இல் இரண்டு பகுதி, 1714-இல் ஐந்து. பெக்கெட்டின் 'கோடோ' நாடகம் பாரிஸில் பிரெஞ்சில் 1953, லண்டனில் ஆங்கிலத்தில் 1955. கேள்வி தயாரிப்பவர்கள் கை வைக்கும் இடங்கள் இவை.

பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க வழி?

தமிழில் எழுதும்போது கூடுதல் சிக்கல் உண்டு. நாடகாசிரியர் பென் ஜான்சனும் (இறப்பு 1637) 1755-இல் அகராதி தந்த சாமுவேல் ஜான்சனும் நமக்கு ஒரே ஜான்சன். ஆங்கில எழுத்துக்கூட்டலில் முன்னவருக்கு 'ஹெச்' கிடையாது. ஜார்ஜ் எலியட் என்பது 'மிடில்மார்ச்' எழுதிய மேரி ஆன் எவன்ஸின் புனைபெயர்; அவர் டி. எஸ். எலியட்டுக்கு உறவல்ல. சாமுவேல் பட்லர்கள் இருவர்: 'ஹூடிப்ராஸ்' எழுதியவர் 17-ஆம் நூற்றாண்டுக்காரர், 'எர்வான்' (1872) எழுதியவர் விக்டோரியர். திருக்குறளை 1886-இல் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப், 1744-இல் இறந்த அலெக்சாண்டர் போப் அல்லர். அட்டையில் எப்போதும் முழுப்பெயரையே எழுதுங்கள்.